கீழ வீதிக் கோலத்தில் மூன்று பேர்

ஆரோக்கிய அனிதா என்ற பெயரைப் பாத்திமா மேரி முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவோடுதான். வீட்டுக்காரர் மரியலூர்துவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கடலூர் முதுநகரில் கோவில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தாகிவிட்டது. பெண்ணுக்குச் சித்தி என்ற உரிமையில் பாத்திமா மேரி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று, வருகிறவர்களுக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கண்ணில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பெரியவர் காதுக்குள் பன்னீர் போய்விட்டது.

"ஆரோக்கிய அனிதா! வர்றவங்க மேல லைட்ட அடின்னா, சித்தியம்மா மூஞ்சியிலயே அடிச்சிகிட்டு நிக்கிறியே! அவுங்களா கல்யாணப் பொண்ணு?" என்று ஒரு குரல் கத்தியது. முதுநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கொளஞ்சியப்பனின் குரல் அது.

"இல்லண்ணா, இந்த மண்டபத்துல அவுங்க மூஞ்சிதான் நல்லா இருக்குது" என்று பதில் வந்தது.

வாசலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பாத்திமா மேரிக்கு ஒரு பக்கம் கூச்சம், ஒரு பக்கம் சொல்ல முடியாத சந்தோஷம். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒல்லியாக ஒரு பெண். கம்பம் அவளைவிட உயரம். சாப்பாட்டுப் பந்தியில் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தாள். சொந்தத்தை நூல் பிடித்துப் போவதில் பாத்திமா மேரியை மிஞ்ச அந்த மாதா கோவில் பங்கிலேயே ஆள் கிடையாது. சேத்தியாத்தோப்புப் பெண், அம்மா புவனகிரிக்காரி என்றதும் பிடித்துவிட்டாள். அந்தப் புவனகிரிக்காரியின் பெரியம்மா மகளைக் கட்டியவர் பாத்திமா மேரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அப்படியென்றால் இந்தப் பெண்ணின் அப்பா அவளுக்கு அண்ணன் முறை. இவள் மருமகள் முறை.

"அப்ப நீ என்னைய அத்தன்னு கூப்புடணும்டி."

"சரிங்கத்த. அந்த அப்பளத்த எடுங்கத்த" என்றாள் அனிதா.

அப்பா இறந்துபோய், அம்மா தையல் மெஷினோடு போராடிக்கொண்டிருந்ததால் அவள் விளக்குப் பிடிக்க வந்திருந்தாள். விளக்குப் பிடிக்கிறவள் கேமராவைத் தொடக்கூடாது என்பது கொளஞ்சியப்பன் கடைச் சட்டம். பெண்பிள்ளை கேமரா தூக்கினால் கல்யாண வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சட்டத்தைத் திருவந்திபுரம் உடைத்தது.

திருவந்திபுரம் பெருமாள் கோவிலில் முகூர்த்த நாள் என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படியில் ஒரு மாப்பிள்ளை ஏறினால் ஒரு மாப்பிள்ளை இறங்குவார். இந்தப் பக்கம் கெட்டிமேளம், அந்தப் பக்கம் மாலை மாற்று. யார் வீட்டுக் கல்யாணத்திலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, நம் வீட்டு ஆளிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அன்றைக்குக் கொளஞ்சியப்பன் எடுக்க வேண்டிய பெண்ணும் அரக்குப் புடவை, பின்னால் வந்த இன்னொரு பெண்ணும் அரக்குப் புடவை. கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. கேமராவைக் கண்ணில் வைத்தபடியே அவர் இன்னொரு அரக்குப் புடவையின் பின்னால் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள, கொஞ்சம் சிரிங்க!" என்று யாரோ பெற்ற பிள்ளையை அதட்டி, தாலி கட்டுவதைப் பக்கத்திலிருந்து, மேலிருந்து, கீழிருந்து என்று எல்லாப் பக்கமும் எடுத்தார். அட்சதை போட்டு முடித்த பிறகு ஒரு பெரியவர், "தம்பி யாரு? நாங்க வேற ஆளுக்கில்ல சொல்லியிருந்தோம்?" என்று கேட்டபோதுதான் அவருக்கு வேர்த்தது.

அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏ அனிதா, இங்க தாலி இன்னும் கட்டலியே? சொல்லு, கட்டலியே?"

"கட்டியாச்சுண்ணா."

"செத்தேன்! பொண்ணோட மாமனுங்க என்னைய உரிச்சிடுவாங்க."

"நான் எடுத்துட்டேண்ணா" என்றாள் அனிதா.

மணப்பெண்ணின் சடையில் பூ கழன்றுவிட்டது என்று குத்திவிடப் போனவள், அப்படியே பெண்ணின் கூடவே நின்றிருக்கிறாள். தோளில் தொங்கிய பையில் இன்னொரு கேமரா இருந்திருக்கிறது. கெட்டிமேளம் கேட்டதும் விளக்கை மணப்பெண்ணின் தம்பி கையில் திணித்துவிட்டுக் கேமராவை எடுத்துவிட்டாள். கொளஞ்சியப்பன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்று முடிச்சும் இருந்தது. பெண்ணின் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றதும் இருந்தது. கடைசியில், புரோகிதர் தோளில் செல்போனை இடுக்கி அடுத்த கல்யாணத்துக்காரரோடு பேசிக்கொண்டே அட்சதை போடுகிற படம் ஒன்றும் இருந்தது.

"இத அழிச்சிடு, கோச்சிக்குவாரு" என்றார் கொளஞ்சியப்பன்.

"அதுதாண்ணா இருக்குறதுலயே நல்ல படம்" என்றாள் அவள். அழிக்கவில்லை.

இந்தக் கதையைப் பாத்திமா மேரியிடம் சொன்னவர் கொளஞ்சியப்பனேதான். சொல்லிவிட்டு, "இனிமே அவ கையில கேமரா, என் கையில லைட்டு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பாத்திமா மேரி தன் மகன் ஆன்டோவிடம் பேச்சை எடுத்தாள். மஞ்சக்குப்பத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறவன் அவன். "ஆரோக்கிய அனிதான்னு ஒரு பொண்ணு…" என்று ஆரம்பிப்பதற்குள் அவன் முகம் சிவந்துவிட்டது. அவளுடைய போன் அந்த வருஷம் எத்தனை தரம் பழுதானது என்று அப்புறம்தான் தெரிந்தது. கோவிலில் கல்யாண ஓலை வாசித்து, கல்யாணம் நடந்து, மருமகள் முறை மருமகளாகவே வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் வீட்டில் தங்கவேண்டுமே! கல்யாண வேலை இல்லாத நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். துறைமுகத்தில் மீன் விற்கும் ஆயா, வெற்றிலையை மென்றுகொண்டே செல்போனில் காசு வந்துவிட்டதா என்று காதை வைத்துக் கேட்பதை எடுப்பாள். மாதா சப்பரம் போகும்போது, முன்னால் ஒருத்தர் கொம்பால் கேபிள் வயரைத் தூக்கிப் பிடித்து மாதாவுக்கு வழி விடுவதை எடுப்பாள். சிதம்பரத்துக்குப் போனால் பொழுதுக்கும் அங்கேயே. பூ கட்டுகிற பெண், பித்தளைக் குடத்தில் போனைச் சாய்த்து வைத்து நாடகம் பார்த்துக்கொண்டே விரல் தவறாமல் கட்டுவாள். அனிதா அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுப்பாள்.

"கல்யாணப் படம் எடுத்தா நாலு பேரு பிரேம் போட்டு மாட்டுவான். ரோட்டுல போறவன எடுத்து யாருக்கு ஆவப்போவுது?" என்று மரியலூர்து கேட்டார்.

"ரோட்டுல போறவனுக்குத்தான் மாமா" என்பாள்.

அவள் அப்படித்தான் செய்தாள். யாரை எடுத்தாலும் உடனே கேமராவைத் திருப்பி அவர்களுக்குக் காட்டுவாள். அப்புறம் பிரிண்ட் போட்டு, துணிக்கடைப் பையில் வைத்து, பஸ் ஏறிப் போய், அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கையில் கொடுப்பாள். வேண்டாம் என்று சொன்னவர்களின் படத்தை வேறு யாருக்கும் காட்டமாட்டாள். இது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தில்லைநாதனுக்கும் அப்படித்தான் ஒரு படம் போனது. குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே அதன் பளபளப்பில் மீசையைப் பார்த்து ஒதுக்கிக்கொள்கிற படம். அவர் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். "ஆனித் தேருக்கு நம்ம கிட்டங்கிச் செவுரு முச்சூடும் உனக்குத்தான். இத மாதிரி படமா மாட்டு. ஊரே பாக்கட்டும்" என்றார்.

அவர் பாத்திரம் அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் சுவர் அது, தெற்கு வீதித் திருப்பத்தில். தேர் திரும்பும் இடம். வடம் பிடிக்கிறவர்கள் நின்று மூச்சு வாங்கும் இடம். தெருவில் எடுத்ததைத் தெருவிலேயே மாட்டுவது! அன்றைக்கு அனிதா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியே வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சுவரின் நடுவில் எந்தப் படம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது மார்கழித் தேர் அன்று விடியற்காலையில் கீழ வீதியில் எடுத்தது. தேரோடும் வீதியில் வீட்டுக்கு வீடு கோலம் போடுவார்களே, அதில் ராமாமிர்தம் வீட்டுக் கோலம் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவ்வளவும் சிக்குக் கோலம், ஒரே இழை. அன்றைக்கு ராமாமிர்தம் குனிந்து கடைசி வளைவை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் மருமகள் ஸ்ரீமதி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். ராத்திரி வேலை முடித்த கையோடு, கழுத்தில் ஹெட்போன் தொங்க, ஓரத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில், தேர் பார்க்க வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் யாருக்கோ இட்லி கொண்டுபோகிற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். அருள்மொழி என்று பெயர். முதுகில் பெரிய சிவப்புப் பை. கோலத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டோடு வண்டியைக் கோலத்தின் ஓரமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் சந்து குறுகலானது. பின் சக்கரத்தை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தாள். ஸ்ரீமதி எழுந்து ஒரு கை கொடுத்தாள். ராமாமிர்தம் தலையை நிமிர்த்தி, "மெதுவாம்மா, மெதுவா" என்று மாவுக் கையை நீட்டினாள். எதிர் வீட்டு மாடியில் நின்ற அனிதா அப்போது எடுத்தாள்.

எடுத்துவிட்டுக் கீழே ஓடி வருவதற்குள் போலீஸ் தெருவை மறித்துவிட்டார்கள். கூட்டம் வந்துவிட்டது. காட்ட முடியவில்லை. பொங்கல் கழித்துப் பிரிண்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்த ராமாமிர்தத்தின் வலது கையில் மாவுக்கட்டு. குழாயடியில் பாசி வழுக்கி மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"நீதான் அன்னைக்கி மாடியில நின்னு போட்டோ புடிச்சியா? எத்தினி பேரு அதுல?"

"நீங்க, அக்கா, அந்த ஸ்கூட்டர் பொண்ணு…"

"மூணு பேரு!" என்று ராமாமிர்தம் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "மூணு பேரா போட்டோ எடுத்தா ஆவாதுன்னு பச்சப் புள்ளைக்கிக்கூடத் தெரியும். போட்டோகாரிக்கித் தெரியாதா? பாரு, என்னைய மொடமாக்கிட்ட."

"எடுத்த என்னையும் சேத்தா நாலு பேருதானேம்மா?"

"நீ எங்க இருக்க இதுல? காட்டு பாப்பம்!" என்று கேட்டுவிட்டு, படத்தைப் பார்க்காமலே குப்புறத் திருப்பி அவள் கையில் வைத்துவிட்டாள்.

ராமாமிர்தம் வேறு யாருமில்லை, தில்லைநாதனுக்குப் பெரியம்மா மகள். அக்காள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது அவருக்கு. "அக்கா மனசு நோவக் கூடாதும்மா. அவுங்க சரின்னாத்தான் செவுரு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு படம் மட்டுமில்லை, எல்லாப் படமும் போயிற்று. அனிதா கெஞ்சுகிறவள் இல்லை. "வேணாம்னா வேணாம்தான அத்த. என் சட்டம் அதுதான" என்று சொல்லிவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்க ஆரம்பித்தாள். கரைத்தாள், கரைத்தாள், கரைத்துக்கொண்டே இருந்தாள். புளி கரைந்து, நாரும் கரைந்துவிடும் போலிருந்தது. பாத்திமா மேரியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவளுக்கும் மூன்று பேர் படம் என்றால் பயம்தான். அதை மரியலூர்து விடுவாரா? "தெனம் எழுந்திரிச்சதும் நெத்தியில கைய வெச்சி பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரத்தான கூப்புடுற? அவுங்களுக்கு எதனா ஆச்சா?"

"அவுங்க போட்டோவுக்கா நின்னாங்க? போய் வேலையப் பாருங்க" என்றாள்.

ஆனால் அந்தப் பேச்சிலிருந்தே அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. மூன்று பேர் இருப்பதுதானே குறை? நாலாக்கிவிட்டால்? கல்யாணங்களில் மூன்று பேர் படத்துக்கு நின்றால், பக்கத்தில் ஓடுகிற ஒரு குழந்தையை இழுத்து நடுவில் நிறுத்திவிடுவார்கள். குழந்தை கிடைக்காவிட்டால் மடியில் ஒரு பொம்மையாவது வைப்பார்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் கொளஞ்சியப்பன் கடைக்குப் போனாள். செத்துப்போன அப்பாவைக் கல்யாணப் படத்தில் நிறுத்துவது, குவைத்தில் இருக்கிற அண்ணனைக் குடும்பப் படத்தில் உட்கார வைப்பது எல்லாம் கம்ப்யூட்டரில் அவருக்குக் கை வந்த கலை. அனிதாவின் படங்களுக்கெல்லாம் பிரிண்ட் போடுகிறவர் அவர்தான் என்பதால் கோலப் படமும் அவரிடம் இருந்தது.

"இதுல நாலாவதா ஒரு ஆள நிக்க வையேன் தம்பி."

"வேத்து ஆள வெச்சா வம்பு வரும்மா. யார வெக்கிறது?"

பாத்திமா மேரி கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். "என்னையே வை."

"மருமவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வெக்க விடுவாளா? நீ வை."

அவரிடம் பாத்திமா மேரியின் முழு உயரப் படம் ஒன்றே ஒன்றுதான் கண் திறந்தபடி இருந்தது. மரியலூர்துவின் அண்ணன் மகள் கல்யாணத்தில், பட்டுப் புடவையும் பன்னீர்ச் செம்புமாக மண்டப வாசலில் நின்ற படம். அதை வெட்டிக் கோலப் படத்தில் ஒட்டினார். பெரிதாக பிளெக்ஸ் அடித்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பாத்திமா மேரி மருமகளிடம், "வா, அந்தம்மாகிட்ட நான் பேசுறேன். மாமியாக்காரிக்கி மாமியாக்காரி பேசுனாத்தான் சரிப்படும்" என்று சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினாள்.

"கையில என்னாத்த சுருட்டு?" என்று அனிதா கேட்டாள்.

"மாதா படம்" என்றாள் பாத்திமா மேரி. பஸ் புதுச்சத்திரம் தாண்டும் வரையில் அந்தப் பொய்க்காக மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ராமாமிர்தம் வீட்டில் காபி கொடுத்தார்கள். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனால் விரல்கள் இன்னும் பழையபடி மடங்கவில்லை. பாத்திமா மேரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மூணு பேருங்கறதுதான உங்களுக்கு மனத்தாங்கலு? இப்பப் பாருங்க" என்று கூடத்தில் பிளெக்ஸை விரித்தாள்.

ஸ்ரீமதி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

மார்கழி விடியற்காலை. பனி. மாவுக் கை, ஹெல்மெட், தூக்கிய சக்கரம். அதற்கு நடுவில் பாத்திமா மேரி, மத்தியான வெயில் மாதிரி வெளிச்சம் முகத்தில் அடிக்க, பட்டுப் புடவையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஸ்கூட்டருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதலில் ஸ்ரீமதிக்குத்தான் சிரிப்பு வெடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். அனிதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்ததே என்று பாத்திமா மேரி பிளெக்ஸைச் சுருட்டப் பார்த்தாள். ராமாமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பிளெக்ஸின் மேல் குனிந்தாள்.

"இந்தம்மா எங்க நிக்கிறாங்க?"

"நாலாவது ஆளா… உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு…" என்று இழுத்தாள் பாத்திமா மேரி.

"யாருங்கறது தெரியுது. எதுமேல நிக்கிறாங்க?"

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். பாத்திமா மேரியின் இரண்டு காலும், செருப்போடு, கோலத்தின் நட்ட நடுவில் இருந்தன.

"எங்கோலத்துல காலா!" என்று ராமாமிர்தம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பனியில குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு ஒடியப் போட்டது. அதுல மொதல்ல ஏற வேண்டியது பிள்ளையார் தேரு! அதுக்கு முந்தி நீங்க செருப்போட ஏறி நின்னு பன்னீரு தெளிக்கிறீங்களா? அந்த இட்லிப் பொண்ணு, யாரு பெத்த புள்ளையோ, அவளே வண்டியத் தூக்கி வெச்சிகிட்டுப் போனா. ஏம்மா அனிதா! நல்ல படம் எங்க? இந்தம்மா இல்லாத படம் எங்க?"

அனிதாவின் பையில் பழைய பிரிண்ட் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். குப்புறத் திருப்பிக் கொடுத்த அதே பிரிண்ட். ராமாமிர்தம் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எத்தனையோ மார்கழியாக அந்தத் தெருவில் கோலம் போடுகிறவள், தன் கோலத்தை மேலே இருந்து முழுசாக ஒருநாளும் பார்த்ததில்லை. போட்டு நிமிர்வதற்குள் கூட்டம் வந்துவிடும். கூட்டம் போனால் தேர் வந்துவிடும். இடது கை விரலை இழையின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். வளைந்து, நுழைந்து, சுற்றி, தொடங்கின இடத்துக்கே விரல் வந்து சேர்ந்தது. எங்கேயும் அறுபடவில்லை.

"சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"மூணு பேரு இருக்காங்களேம்மா" என்றாள் அனிதா, தயங்கித் தயங்கி.

"இருந்துட்டுப் போவட்டும். பாசியில வழுக்கி வுழுந்ததுக்குப் படம் என்னா பண்ணும்? இந்த வெரலு இனிமே இதுமாதிரி இழுக்குமோ, இழுக்காதோ. இது செவுத்துல இருக்கட்டும்." சொல்லிவிட்டுப் பாத்திமா மேரியின் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் எங்கோலத்த வுட்டுக் கீழ எறங்குங்க தாயி."

அப்புறம்தான் அவளும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் காபி ஆறிப்போய், ஸ்ரீமதி மறுபடியும் போட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அனிதா மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நினைத்து நினைத்துக் குலுங்கினாள். "சிரிக்காதடி" என்று பாத்திமா மேரி இடித்தாள். "ஆனாலும் எம் மூஞ்சி நல்லா விழுந்திருக்குது இல்ல?"

"அன்னைக்கி லைட்டு புடிச்சது யாரு அத்த?" என்றாள் அவள்.

ஆனித் தேரன்று சுவரில் அத்தனை படமும் ஏறின. ஊர் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மீன் விற்கும் ஆயா கடலூரிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்து, தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அது நாந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூக்காரி தன் படத்துக்குத் தானே கட்டிய சரத்தைச் சாத்தினாள். உயிரோடு இருப்பவருக்குப் படத்தில் மாலையா என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கு நான் போட்டுக்காம யாரு போடுவா?" என்றாள். வடம் பிடித்து வந்தவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள், கைபேசியில் பிடித்தார்கள், ஒரு படத்தில் தன் அத்தையைக் கண்டுபிடித்தவன் அங்கிருந்தே அத்தைக்குப் போன் போட்டான். தில்லைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "செவுரு நம்மளுது, செவுரு நம்மளுது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். படம் எடுத்த பெண்ணைப் பற்றி விசாரித்தவர்களிடம் கொளஞ்சியப்பன், "நம்ம கடையில தொழில் கத்துகிட்ட பொண்ணு" என்றார். திருவந்திபுரத்துக் கதையைச் சொல்லவில்லை.

நடுப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் நகரவே இல்லை. அருள்மொழி முதுகுப் பையோடு வந்தாள். யாருக்கோ சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று புகுந்தவள், படத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பாத்தியா, ஹெல்மெட்டுல நான்தான்னு எவன் நம்புவான்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள். அவளுக்குப் பின்னால் ராமாமிர்தம் வந்தாள். அந்த ஆனிக்கும் அவள் கோலம் போட்டிருந்தாள். சின்னக் கோலம்தான். ஆனாலும் ஒரே இழை, அறுபடாத இழை. ஸ்ரீமதி ஹெட்போனில், "ஒரு நிமிஷம் சார், எங்க தெருவுல தேரு" என்று ஆங்கிலத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று பேரும் படத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"அப்படியே நில்லுங்க" என்று அனிதா கேமராவைத் தூக்கினாள்.

பாத்திமா மேரி பதறிப்போய், நாலாவது ஆளாக நிற்க ஓடப் பார்த்தாள். "நீங்க அங்கியே நில்லுங்க தாயி!" என்று ராமாமிர்தம் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தெருவே சிரித்தது. அனிதா எடுத்துவிட்டாள். தேர் திரும்பியது, சங்கு ஊதினார்கள், மேலே இருந்து பூ கொட்டியது. மரியலூர்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி ஜாஸ்தி" என்றார். ஆன்டோ தன் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் போனில் கூப்பிட்டு, சிதம்பரத்துக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பன்னீர் தெளிக்கும் பாத்திமா மேரியின் பிளெக்ஸை ராமாமிர்தம் கொடுக்க மறுத்துவிட்டாள். அதைத் திருப்பிப் போட்டு மாடியில் வடாம் காய வைக்கிறாளாம்.

ஆரோக்கிய அனிதா இப்போது சிதம்பரம் தெற்கு வீதியில், தில்லைநாதன் கடைக்குப் பக்கத்தில், தன் பெயரிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். வீடு முதுநகரில்தான். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருகிறாள்.